நீரும் நம்பிக்கையும் மீட்பும்: தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் திருமுழுக்கு

முன்னுரை

கிறித்தவ சமயத்தின் நுழைவாயிலாக அமைவது திருமுழுக்கு. நீரால் நிகழும் இச்சடங்கு மீட்புக்கு இன்றியமையாததா, அன்றி நம்பிக்கை ஒன்றே மீட்புக்குப் போதுமானதா என்னும் வினா அச்சமயத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே எழுந்து வந்துள்ளது. நம்பிக்கை முந்தியதா, நீர் முந்தியதா என்னும் வினாவும் அதனோடு இணைந்தது. மேலை நாடுகளில் இவ்வினாக்கள் பெரும்பாலும் இறையியல் வினாக்களாகவே விவாதிக்கப்பெற்றன. தமிழ் நிலத்தில் அவை சாதி, உறவு, சொத்துரிமை, அரசியல் ஆகியவற்றோடு பிணைந்தன. தமிழ் உரைநடையின் வளர்ச்சிக்கும் தமிழ் அச்சின் தோற்றத்திற்கும் அவையே ஒரு காரணமாகவும் அமைந்தன. நீர், நம்பிக்கை, மீட்பு ஆகிய மூன்றின் வரிசைமுறை தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் எவ்வெவ்வாறு மாறி அமைந்தது என்பதையும், அம்மாற்றங்கள் தமிழில் விட்டுச்சென்ற தடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விவிலியமும் தொடக்கத் திருச்சபையும்

புதிய ஏற்பாட்டிலேயே இருவகைச் சான்றுகளைக் காணமுடிகிறது. நம்பித் திருமுழுக்குப் பெறுவோர் மீட்புப் பெறுவர் என மாற்கு நற்செய்தியின் இறுதிப்பகுதி (16:16) இரண்டையும் இணைத்துக் கூறுகிறது. அதன் எதிர்மறைப் பகுதியோ நம்பாதவரை மட்டுமே குறிப்பிடுகிறது. திருமுழுக்குப் பெறாதவரைப் பற்றி எதுவும் கூறவில்லை. சிலுவையில் இயேசுவோடு அறையப்பட்ட கள்வன் நீரின்றியே பேரின்ப வீட்டு உறுதியைப் பெறுகிறான் (லூக்கா 23). எத்தியோப்பிய அதிகாரி வழியில் நீரைக் கண்டதும் திருமுழுக்கை வேண்டுகிறார் (திருத்தூதர் பணிகள் 8). பிலிப்பி நகரச் சிறைக்காவலரின் வீட்டார் அனைவரும் ஒரே இரவில் திருமுழுக்குப் பெறுகின்றனர் (திருத்தூதர் பணிகள் 16). தனிமனித நம்பிக்கை, குடும்பம் முழுவதன் ஏற்பு ஆகிய இரண்டு மரபுகளுக்கும் விவிலியத்தில் இடம் உண்டு என்பதை இவற்றால் அறியலாம்.

கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்ததாகக் கருதப்பெறும் 'திதாக்கே' என்னும் நூல், திருமுழுக்குக்கு முன் நோன்பும் அறிவுறுத்தலும் வேண்டும் என விதிக்கிறது. ஓடும் நீர் கிட்டாவிடின் தலையில் மும்முறை நீர் வார்த்தலும் போதும் என்கிறது. கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன் குழந்தைகளுக்கு அவசரமாகத் திருமுழுக்கு அளித்தலை ஏற்கவில்லை. பேரரசர் கான்சுடன்டைன் 337இல் இறக்கும் தறுவாயிலேயே திருமுழுக்குப் பெற்றார். முன் செய்த பாவங்கள் அனைத்தையும் நீர் கழுவும் என்னும் கருத்தே அதனைத் தள்ளிப்போடவும் காரணமாயிற்று.

இந்நிலை அகுஸ்தீனாரால் மாறியது. 387இல் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்ற அவர், பிறவிப் பாவக் கொள்கையை வலியுறுத்திக் குழந்தைகளுக்கும் திருமுழுக்குத் தேவை என நிறுவினார். குழந்தைக்காகத் திருச்சபையே நம்பிக்கையை அறிக்கையிடுகிறது என்பது அவரது விளக்கம். பின்னர் வந்த அக்குவினாசு தோமையார், நீரால் ஆவது, மறைசாட்சியின் குருதியால் ஆவது, உள்ளத்து விருப்பத்தால் ஆவது எனத் திருமுழுக்கை மூவகையாக விளக்கினார். நீர் கிட்டாத நிலையிலும் மீட்புக்கு வழியுண்டு என்பதற்கு இவ்விளக்கம் இடமளித்தது.

பதினாறாம் நூற்றாண்டில் இவ்வினா மீண்டும் கூர்மையடைந்தது. நம்பிக்கையே மீட்பளிப்பது என்ற மார்ட்டின் லூத்தர், குழந்தைத் திருமுழுக்கைக் கைவிடவில்லை. நீரோடு இணைந்த இறைவாக்கை நம்பிக்கை பற்றிக்கொள்கிறது என்பது அவர் கொள்கை. 1525இல் சூரிக் நகரில் தோன்றிய மறுமுழுக்கு இயக்கத்தார், நம்பிக்கையை அறிக்கையிடத் தெரிந்த வயது வந்தோர்க்கே திருமுழுக்கு உரியது என்றனர். அவ்வியக்கத் தலைவர்களுள் ஒருவரான பெலிக்சு மான்சு 1527இல் அந்நகரின் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். 1547இல் திரெந்து பொதுச்சங்கம், நம்பிக்கை மீட்பின் தொடக்கம் என்றும், திருமுழுக்கோ அதன்மீதுள்ள விருப்பமோ மீட்புக்குத் தேவை என்றும் வரையறுத்தது. ஐரோப்பாவில் இவ்விவாதங்கள் நிகழ்ந்த அதே காலத்தில்தான் தமிழ்க் கடற்கரையில் பெருந்திரளான திருமுழுக்குகள் நிகழ்ந்தன.

முத்துக்குளித்துறை: நம்பிக்கைக்கு முந்திய நீர்

1530களில் முத்துக்குளிக்கும் உரிமை குறித்துத் தூத்துக்குடிக் கடற்கரையில் கடும் பூசல் நிகழ்ந்தது. போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர் கொச்சிக்குத் தூதனுப்பினர். குதிரை வணிகரான சான் த குரூசு என்பவர் இதற்கு வழிகாட்டியதாக வரலாறு கூறுகிறது. 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றனர். இங்கு நீர் முதலில் வந்தது. அதனை வேண்டியது ஒரு சமூகத்தின் வாழ்வுத் தேவை. தனிமனிதர் ஒவ்வொருவரின் நம்பிக்கை வினாவாக அன்று எழவில்லை.

1542இல் இக்கடற்கரைக்கு வந்த பிரான்சிசு சேவியர், தாங்கள் கிறித்தவர் என்பதற்கு மேல் இம்மக்கள் எதுவும் அறிந்திருக்கவில்லை என்று தம் கடிதத்தில் எழுதியுள்ளார். கற்பிப்பார் இல்லாமையையும், மொழி தெரியாமையையும் அவர் இதற்குக் காரணங்களாகக் காட்டுகிறார். எனவே நம்பிக்கை அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மரியன்னை வாழ்த்து, பத்துக் கட்டளைகள் ஆகியவற்றை உள்ளூரார் துணையுடன் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கைமணி ஒலித்துச் சிறுவரையும் பெரியவரையும் திரட்டி அவற்றை உரக்கச் சொல்ல வைத்தார். நம்பிக்கை அறிக்கையின் ஒவ்வொரு கூற்றையும் நம்புகிறீர்களா என வினவி, நம்புகிறோம் என்னும் மறுமொழியைப் பெற்ற பின்னரே வயது வந்தோர்க்கு நீர் வார்த்தார். திருமுழுக்கு அளித்து அளித்துக் கை ஓய்ந்ததையும் குரல் கம்மியதையும் 1544 ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவர் குறிப்பிடுகிறார். 1548இல் தம் உடன்பணியாளர்க்கு எழுதிய அறிவுறுத்தலில், பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பதையே முதன்மைக் கடமைகளுள் ஒன்றாக வைத்தார். மாசற்ற பருவத்தில் இறக்கும் குழந்தைக்கு நீரே வீடுபேற்றை உறுதிசெய்கிறது என்பது அவர் துணிபு.

நீருக்கும் நம்பிக்கைக்கும் இடையே இவ்வாறு ஏற்பட்ட இடைவெளியை நிரப்பும் பணி என்றிக்கே என்றீக்கசு அடிகளாருக்கு வாய்த்தது. அவர் தமிழை முறையாகக் கற்று, அதற்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல். 1579இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' ஆசிரியர், மாணாக்கர் வினாவிடை வடிவில் அமைந்தது. தொடர்ந்து 1580இல் பாவசங்கீர்த்தன நூலும் 1586இல் 'அடியார் வரலாறு' நூலும் வெளிவந்தன. இந்நூல்கள் தமிழ் அச்சின் தொடக்கச் சான்றுகளாகப் போற்றப்படுகின்றன. இவை யாருக்காக அச்சிடப்பட்டன என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. கிறித்தவரல்லாதாரை மதம் மாற்றுவதைக் காட்டிலும், ஒரு தலைமுறைக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றுவிட்டவர்க்கு நம்பிக்கையின் பொருளை உணர்த்துவதே இவற்றின் முதன்மை நோக்கம். திருமுழுக்கு முந்தி, நம்பிக்கை பிந்திய ஒரு வரலாற்றுச் சூழலே தமிழ் அச்சு நூலின் பிறப்புக்கு உரிய தேவையை உருவாக்கிற்று எனலாம்.

மதுரையும் மறவர் நாடும்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இவ்வரிசையை மாற்றினார். கடற்கரையில் திருமுழுக்குப் பெறுதல் பரங்கி ஆதலோடு ஒன்றாகக் கருதப்பட்டது. பரங்கியரின் குலத்தில் புகுவதே கிறித்தவம் என உயர்குலத்தார் எண்ணியமையால் நம்ப விரும்பியவரும் நீரை அஞ்சினர். நொபிலி துறவிக் கோலம் பூண்டு தமிழும் வடமொழியும் கற்றார். நீண்ட வாதங்கள் வழியே அறிவு தெளிந்த பின்னரே திருமுழுக்கு அளித்தார். முதலில் திருமுழுக்குப் பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருபது நாட்கள் அவரோடு வாதிட்டதாகக் கூறப்படுகிறது. குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றைத் திருமுழுக்குப் பெற்றோர் தொடர்ந்து அணியலாம் என அவர் இசைந்தார். நீர் மாற்றுவது ஆன்மாவை. குலவழக்கத்தை அது மாற்ற வேண்டியதில்லை என்பது அவர் வாதம். இவ்வழக்கு கோவாவுக்கும் உரோமைக்கும் சென்றது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சார்பான ஆணையை வெளியிட்டார். இதன் விளைவு இருமுகமானது. தமிழ் மரபுக்குள் கிறித்தவம் வேர்கொள்ள வழி பிறந்தது. அதே வேளையில், ஒரே திருமுழுக்கைப் பெற்றோரிடையே சாதி வேறுபாடு நிலைத்திருக்கவும் இடமேற்பட்டது.

திருமுழுக்கின் துணைச்சடங்குகளும் பூசலுக்கு இலக்காயின. உரோமைச் சடங்கு முறையில் குரு தம் உமிழ்நீரைத் தொட்டு வைத்தலும், ஊதுதலும், உப்பிடுதலும் உண்டு. எச்சிலைத் தீட்டாகக் கருதும் தமிழர்க்கு இவற்றுள் முதலது அருவருப்பூட்டும் என்பதால் மதுரை மறைப்பணியாளர் அதனைத் தவிர்த்து வந்தனர். 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன், இவற்றைத் தவிர்த்தலாகாது எனவும், குழந்தைத் திருமுழுக்கைத் தாமதித்தலாகாது எனவும் ஆணையிட்டார். மலபார் சடங்குப் பூசல் எனப்படும் இச்சிக்கலுக்கு 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டு வெளியிட்ட ஆணையே முடிவு கட்டியது. நீரும் மூவொரு இறைவனின் பெயரும் இருப்பின் திருமுழுக்குச் செல்லும் என்பதே திருச்சபையின் கோட்பாடு. அவ்வாறிருக்க, மீட்புக்கு இன்றியமையாதது அல்லாத ஒரு துணைச்செயல் நாற்பதாண்டுப் பூசலுக்குக் காரணமாயிற்று. சடங்கின் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே அப்பூசலின் உள்ளீடு.

இதற்கிடையே மறவர் நாட்டில் நிகழ்ந்தது வேறொரு சோதனை. சிறுவல்லித் தலைவர் தடியத்தேவர் கடும் நோயுற்றிருந்தபோது வேதியர் ஒருவர் நற்செய்தியை வாசித்துச் செபித்ததால் நலம் பெற்றதாக நம்பினார். அவர் உடனே திருமுழுக்கை வேண்டினார். அருளானந்தர் என அழைக்கப்பெற்ற சான் தெ பிரிட்டோ உடனே இசையவில்லை. மனைவியர் பலருள் ஒருவரைத் தவிர ஏனையோரை விலக்கினாலன்றித் திருமுழுக்கு இல்லை என்றார். தேவர் அவ்வாறே செய்து 1693 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவருள் ஒருவர் இரகுநாத கிழவன் சேதுபதியின் உறவினர். அவரது முறையீட்டின் விளைவாக அருளானந்தர் கைது செய்யப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கொல்லப்பட்டார். இங்கு நம்பிக்கை முதலில் வந்தது. வாழ்வு மாற்றம் அதனைத் தொடர்ந்தது. நீர் இறுதியில் வந்தது. திருச்சபை விதித்த நெறியின் விலையைக் குருவோடு விலக்கப்பட்ட மகளிரும் செலுத்தினர் என்பதை வரலாறு மறத்தலாகாது.

தரங்கம்பாடியும் திருநெல்வேலியும்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, அகமாற்றத்தை வலியுறுத்தும் செருமானியப் பக்தி இயக்கத்தின் வழிவந்தவர். அவருக்குத் திருமுழுக்குக்கு முன் கற்பித்தல் தவிர்க்க இயலாதது. 1707இல் டேனியர் இல்லங்களில் அடிமைகளாயிருந்தோர் சிலர் கற்பிக்கப்பெற்று, வினவப்பெற்று, பின்னர் திருமுழுக்குப் பெற்றனர். தமிழ்ப் புலவரான கணபதி வாத்தியார் 1709இல் உறவினரின் எதிர்ப்பை மீறித் திருமுழுக்குப் பெற்றார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சானது. முத்துக்குளித்துறையில் நீருக்குப் பின் நூல் வந்தது. தரங்கம்பாடியில் நூலுக்குப் பின் நீர் வந்தது. கத்தோலிக்கத் தரப்பில் வீரமாமுனிவர் வேதியர்க்கென 'வேதியர் ஒழுக்கம்' எழுதியதும், லூத்தரியரை மறுத்து 'வேத விளக்கம்' எழுதியதும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கன. மீட்புக்குத் தேவையானவை எவை என்னும் பூசலில் தமிழ் உரைநடை வாதத்திற்குரிய கருவியாகக் கூர்மை பெற்றது.

பாளையங்கோட்டையில் நிகழ்ந்த குளோரிந்தாவின் வரலாறும் கருதத்தக்கது. மராத்தியப் பிராமணக் கைம்பெண்ணான அவர், தமக்கு அடைக்கலம் தந்த ஆங்கிலப் படையலுவலருடன் வாழ்ந்தபோது திருமுழுக்கை வேண்டினார். மணமின்றி வாழும் நிலையில் அதனை அளிக்க இயலாது எனச் சுவார்ட்சு மறுத்துவிட்டார். அவ்வலுவலர் இறந்த பின் 1778இல் அவர் திருமுழுக்குப் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் அவரது நம்பிக்கை தளரவில்லை. திருநெல்வேலித் திருச்சபையின் வளர்ச்சிக்கு அவர் ஆற்றிய தொண்டும், பாளையங்கோட்டையில் அவர் எழுப்பிய ஆலயமும் அதற்குச் சான்றுகள். நீர் மறுக்கப்பட்ட காலத்திலும் நம்பிக்கை நின்று நிலவும் என்பதற்கு அவர் வாழ்வு எடுத்துக்காட்டு. ஆயினும், தென்மாவட்டங்களில் நம்பிக்கை என்றும் தனிமனிதர் வழியே பரவவில்லை. 1799இல் முதலூர் உருவானதும், 1802இல் கெரிக்கே ஐயர் ஆயிரக்கணக்கானோர்க்குத் திருமுழுக்கு அளித்ததும், ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெறும் வழக்கம் மீண்டும் தோன்றியதைக் காட்டுகின்றன. ஒடுக்குதலிலிருந்து விடுதலை பெறும் வேட்கையும் வீடுபேற்று வேட்கையும் அங்கு ஒன்றோடொன்று கலந்து நின்றன.

நீரில்லா நம்பிக்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருமுழுக்கு நகரத்துக் கல்விக்கூடங்களில் பெரும் புயலைக் கிளப்பிற்று. 1841இல் சென்னையில் ஆண்டர்சனின் பள்ளி மாணவர் இருவர் திருமுழுக்குப் பெற்றதும் பெற்றோர் பிள்ளைகளைத் திரளாக விலக்கிக்கொண்டனர். அதுவரை அதே மாணவர்கள் விவிலியம் கற்றதை எவரும் தடுக்கவில்லை. கேட்டலும் கற்றலும் நம்புதலும் பொறுக்கத்தக்கனவாக இருந்தன. நீரே குலத்தை முறித்தது. மதம் மாறியோரின் சொத்துரிமையைக் காக்கும் 1850 ஆம் ஆண்டுச் சட்டம், அதற்குமுன் அவர்கள் இழந்தது என்ன என்பதையும் உணர்த்துகிறது.

வைணவ மரபில் தோன்றிய எச். ஏ. கிருட்டிணபிள்ளை 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். 1894இல் வெளிவந்த அவரது 'இரட்சணிய யாத்திரிகம்' மீட்பை ஒரு நெடும்பயணமாகக் காட்டுகிறது. அதன் முதனூலை இயற்றிய சான் பனியன், நீர்முழுக்கு குறித்த கருத்து வேறுபாடு திருவிருந்து உறவுக்குத் தடையாகாது என 1673இல் வாதிட்டு எழுதியவர். மீட்பை ஒரு சடங்கின் நொடியில் அடக்காமல் வாழ்நாள் முழுவதுமான பயணமாக விரிக்கும் காப்பியம் அத்தகையவரின் நூலைத் தழுவி எழுந்தது பொருத்தமே.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு புதிய நிலைப்பாடு வெளிப்படையாக முன்வைக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கந்தசாமி செட்டியார் கிறித்துவை நம்பியும் திருமுழுக்குப் பெறாமலே வாழ்ந்தார்; அதற்கான காரணத்தை 1915இல் மறைப்பணியாளர் அவையிலேயே எடுத்துரைத்தார். 1938இல் தாம்பரம் மாநாட்டையொட்டி வெளிவந்த நூலில் செஞ்சையா, சக்கரை முதலானோர் அமைப்புசார் திருச்சபையையும் கிறித்து நம்பிக்கையையும் ஒன்றெனக் கொள்ளுதலைக் கேள்விக்கு உட்படுத்தினர். 1970களில் எம். எம். தாமசுக்கும், சென்னைப் பேராயராக விளங்கிய லெஸ்லி நியூபிகினுக்கும் இடையே நடந்த விவாதம் இதன் தொடர்ச்சி. இந்து சமூகத்துக்குள்ளேயே கிறித்துவை மையமாகக் கொண்ட உறவு இயலும் என்றார் தாமசு. கண்ணுக்குப் புலப்படும் ஒரு சமூகமின்றி நம்பிக்கை நிலைபெறாது என்றார் நியூபிகின். திருமுழுக்குப் பெறாத நம்பிக்கையாளரைப் பற்றித் தமிழகத்தில் கள ஆய்வு செய்த எர்பர்ட் ஓபரின் நூல் 1991இல் வெளிவந்தது. மீட்பை மறுப்பதற்காக அவர்கள் நீரை மறுக்கவில்லை. குடும்பத்தையும் உறவையும் இழக்க விரும்பாமையே பலரது தயக்கத்துக்குக் காரணம் என்பதை அவ்வாய்வு புலப்படுத்திற்று.

சட்டமும் திருமுழுக்கை ஓர் எல்லைக்கல்லாக்கியது. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர்; கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரி சார்ந்த வழக்கொன்றில், திருமுழுக்கையும் ஆலய வழிபாட்டில் தொடர்ந்து பங்கேற்றதையும் கிறித்தவராக வாழ்ந்தமைக்குச் சான்றுகளாகக் கொண்டு பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிக்கையை ஏற்க மறுத்தது. குழந்தைப் பருவத்தில் பெற்ற நீர், இறையியலார் விவாதித்த மீட்போடு நில்லாமல், வாழ்வுரிமைக்கும் அளவுகோலாகிவிட்டது. ஒடுக்கப்பட்ட மக்களைப் பொறுத்தவரை, நம்பிக்கையா நீரா என்னும் வினா இன்று ஏட்டளவிலானது அன்று.

சொற்களின் சான்று

தமிழ்ச் சொல்லாட்சியும் இவ்வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. 'ஞானஸ்நானம்' என்னும் தொடரில் 'ஞான' என்பது ஆன்மாவைச் சார்ந்தது என்னும் பொருளது. ஞானப்பெற்றோர், ஞானோபதேசம், ஞானப்பாட்டு முதலியனவும் இவ்வகையின. ஆயினும் அறிவு என்னும் அதன் இயல்பான பொருளும் உடனொலிப்பதால், உணர்ந்து பெறும் நீராடல் என்னும் குறிப்பு இத்தொடருக்கு வாய்த்தது. நொபிலியின் நெறிக்கும் சீகன்பால்கின் நெறிக்கும் இஃது ஒருங்கே பொருந்தியது. சைவ மரபில் தீக்கை பெறுதல் வீடுபேற்றுக்கு வாயிலாகக் கருதப்படுவதை அறிந்த தமிழர்க்கு இக்கருத்து முற்றிலும் அயலானது அன்று. 1871 ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பில் ஞானஸ்நானம், விசுவாசம், இரட்சிப்பு என நின்ற மூன்று சொற்களும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலிய'த்தில் திருமுழுக்கு, நம்பிக்கை, மீட்பு என மாறின. இறைத்திருமேனியை நீராட்டுதலைக் குறித்த 'திருமுழுக்கு' இங்கு மனிதரை நீராட்டுதலைக் குறிக்கலாயிற்று. 'இரட்சிப்பு' காத்தலைச் சுட்ட, 'மீட்பு' இழந்ததைத் திரும்பப் பெறுதலைச் சுட்டுகிறது. இவ்விரு தொகுதிச் சொற்களும் இன்றும் வெவ்வேறு சபைகளின் அடையாளங்களாகத் தொடர்கின்றன.

முடிவுரை

நீர், நம்பிக்கை, மீட்பு ஆகியவற்றின் வரிசை தமிழகத்தில் ஒரே நிலையில் நின்றதில்லை. முத்துக்குளித்துறையில் நீர் முந்தியது. மதுரையிலும் தரங்கம்பாடியிலும் கற்றலும் நம்பிக்கையும் முந்தின. இருபதாம் நூற்றாண்டில் நீரின்றியே நம்பிக்கை நின்றது. நீர் முந்திய இடத்தில் தமிழ் அச்சு நூலும், நம்பிக்கை முந்திய இடங்களில் தருக்க உரைநடையும் தோன்றின. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோர்க்கும் மீட்பு இயலும் என அறிவித்தது. 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபை குழந்தைத் திருமுழுக்கையும் நம்பிக்கையாளர் திருமுழுக்கையும் ஒருங்கே ஏற்றது. இறையியல் தளத்தில் வினா இவ்வாறு நெகிழ்ந்து வர, சமூகத் தளத்திலும் சட்டத் தளத்திலும் அது இறுகியே வந்துள்ளது. தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தைப் பயில்வோர் அந்நூல்களில் பேசப்படும் மீட்பை மட்டுமன்றி, அம்மீட்பின் வாயிலாகிய நீரை ஏற்றோரும் ஏற்கத் தயங்கியோரும் செலுத்திய விலையையும் சேர்த்தே பயிலுதல் வேண்டும்.